மொட்டக்கரட்டில் விட்டுப்போன வீடு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்குக் காத்து ஆகாது, காது அடைச்சுக்கும். சேலம் வரைக்கும்தானுங்களே? நானும் சேலந்தான். அங்கிருந்து வேற வண்டி புடிச்சுத் திருச்செங்கோட்டுப் பக்கம் போவோணும். ஜெயங்கொண்டம் போயிட்டு வர்றனுங்க. நல்லது கெட்டது ஒண்ணுமில்லை. காலேஜு சோலி.

இந்த போன் இப்புடித்தான் அடிச்சுட்டே இருக்கும், ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. எடுக்கலாமுங்க. எடுத்தா, எங்க காலேஜு மொதலாளி, போன காரியம் ஆச்சான்னு கேப்பாரு. ஆச்சுன்னும் சொல்ல முடியாது, ஆவலைன்னும் சொல்ல முடியாது. அதான் அடிக்கட்டும்னு உட்டுட்டேன்.

நான் பிசிக்ஸ் வாத்தியாருங்க. பேரு செங்கோட்டுவேலு. ஒரே காலேஜுல தலை நரைச்சவன். காலேஜு பேரு வேண்டாம், பஸ்ஸுல யாரு எந்த ஊருன்னு தெரியாது. கட்டுனவரு சாமியப்பன் அய்யா. போர் போடற ரிக் லாரி இருக்குதுங்களே, அதுல கூலிக்கு ஏறி ஆந்திரா, ராஜஸ்தான்னு போயி, ஒரு விரலை மெசினுக்குக் குடுத்துட்டு, அப்பறம் சொந்தமா ஒரு வண்டி வாங்கி, அது ரெண்டாகி, நாலாகி, இன்னைக்கு எத்தனைன்னு அவருக்கே தெரியுமோ என்னமோ. அந்தக் காசுல கட்டுனதுதான் காலேஜு. நல்ல மனுசனுங்க. அதை மொதல்லயே சொல்லீர்றேன். நான் பேசறதைக் கேட்டுட்டு அவரைத் தப்பா நெனைச்சுப் போடாதீங்க.

மூணு வருசம் இருக்கும். அய்யா எங்களையெல்லாம் கூப்புட்டாரு. காலேஜுக்குக் கிரேடு போடற கமிட்டி வரப்போவுது, அதுக்கு ஆராய்ச்சிப் பணம் வெளிய இருந்து வந்திருக்கோணுமாமா. பக்கத்துக் காலேஜுக்கெல்லாம் வந்திருக்குது, நமக்கு ஒரு பைசா இல்லை. அப்பத்தான் டெல்லில ஒரு திட்டம் அறிவிச்சிருந்தாங்க. அறிவியலும் தொழில்நுட்பமும் சமுதாயத்தை எப்புடி மாத்துது, நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு, அதை ஆராய்ச்சி பண்ண யுனிவர்சிட்டிக்கும் காலேஜுக்கும் பணம். "டிபார்ட்மெண்டுக்கு ஒண்ணு எழுதிப் போடோணும். வாத்தியாரே, நீங்க பொறுப்பு"ன்னு என்னைக் கை காட்டீட்டாரு.

என்னை ஏன் காட்டுனாருன்னா, எழுதி எழுதித் தேஞ்சவன் அங்க நான் ஒருத்தந்தான். செல்போன் டவரு, சோலார் அடுப்பு, மஞ்சக் காய வெக்கற மெசினு, எதையெதையோ தலைப்பாப் போட்டு வருசா வருசம் அனுப்புவனுங்க. வருசா வருசம் 'வருந்துகிறோம்'னு பதில் வரும். ஒருக்கா அதுகூட வரலை. என் சம்சாரம் குணவதி கேப்பா, "அவுங்கதான் இத்தனை வருத்தப்படறாங்களே, உட்டுத் தொலைச்சா என்னுங்க?"ன்னு. கிண்டலுங்க. நான் கண்டுக்கறதில்லை.

சரி, எல்லா டிபார்ட்மெண்டும் எழுதுனாங்க. எழுதுனாங்கன்னா, நெட்டுல இருந்து எடுத்து ஊர்ப் பேரை மாத்துனாங்க. சமூகப்பணித் துறைல ஒரு புள்ள இருந்துது, தில்லைக்கரசின்னு. ஊரு ஜெயங்கொண்டம் பக்கம். புருசனும் கொழந்தையும் அங்க. இது மட்டும் இங்க வந்து, காலேஜுக்குப் பின்னாடி மொட்டக்கரடுன்னு ஒரு ஊரு, அங்க பாவாயின்னு ஒரு அம்மா ஊட்டுல ரூமு எடுத்துத் தங்கியிருந்துது. நம்மூடும் மொட்டக்கரடுதானுங்க. காலேஜு சொசைட்டில கடன் போட்டுக் குடுத்து, எடத்தையும் அய்யாவே காட்டி உட்டாரு.

அனுப்பற கடைசி நாளு மத்தியானம் அந்தப் புள்ள அதோட ப்ரபோசலைக் கொண்டாந்து மேசைல வெச்சுது. நான் படிக்கலீங்க. அன்னைக்கு அத்தனையையும் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும், எங்க படிக்கறது? இணை ஆய்வாளர்னு ஒரு எடம் காலியா இருந்துது. பொறுப்பாளர் பேரு இருந்தாக் கனமா இருக்குமேன்னு என் பேரைப் போட்டேன். கேட்டுட்டுத்தானுங்க போட்டேன். கேக்காம செய்வனா? "போட்டுக்கங்க சார்"ன்னுது. மூஞ்சி ஒரு மாதிரித்தான் இருந்துது. சாப்புடாம வந்திருக்கும், பாவம்.

அத்தனையும் திரும்பிருச்சு. நான் எழுதுனதும் சேத்துத்தான். அந்தப் புள்ளையது மட்டும் கெடைச்சுருச்சு.

கேட்டுல பிளெக்ஸ் வெச்சாங்க, அதோட போட்டோவும் என் போட்டோவும். அய்யா மேடை போட்டுப் பொன்னாடை போத்துனாரு. மைக்குக்குக் கேக்காம மெதுவாக் கேட்டாரு, "தலைப்பு என்னம்மா?"

"போர்வெல் வந்தப்பறம் கிராமத்து வாழ்க்கை எப்படி மாறிச்சுங்கறது, அய்யா."

அய்யாவுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சுங்க. பக்கத்துல நின்னவன் நானு, பாத்தேன். மைக்கப் புடிச்சுட்டு அரை மணி நேரம் பேசுனாரு. மராத்திச் சீமைல ஏதோ ஒரு ஊருல, பத்து எடத்துல ஓட்டையப் போட்டும் தண்ணியில்லாம வெறும் பாறைப் புகைதான் வந்துதாமா. வண்டியக் கட்டீட்டுக் கெளம்பறப்ப ஒரு கெழவர் காலப் புடிச்சுட்டாராமா. மறுக்கா ஒண்ணு ஓட்டுனா தண்ணி பனமரத்து ஒசரத்துக்கு அடிச்சுதாமா. பொம்பளைங்கெல்லாம் ஓடியாந்து அந்தச் சேத்துத் தண்ணியிலயே நனைஞ்சுட்டு, ரிக் லாரிக்கு மாலை போட்டு ஆரத்தி எடுத்தாங்களாமா. "அதை எழுதும்மா. எவனும் எழுதுல. நீயாச்சும் எழுது"ன்னாரு. ஊர் ஊராப் போறதுக்கு அவரு ஜீப்பையே குடுத்தாரு.

அந்தப் புள்ள ஜீப்புல தூரத்து ஊரு ரெண்டுக்குப் போச்சு. மூணாவது ஊரு மொட்டக்கரடு, அதுக்கு நடந்தே போச்சு. ஊடு ஊடா உக்காந்து பேசும். நான் சாயந்தரம் போறப்பப் பாப்பேன், யாராச்சும் ஒரு பொம்பளை வெங்காயம் உரிச்சுட்டு இருப்பா, இதுவும் ஒரு கை உரிச்சுட்டே கேட்டுட்டு இருக்கும். இதென்னடா ஆராய்ச்சின்னு நெனைச்சுக்குவேன்.

ஒரு வருசம் ஆச்சு. இடைக்கால அறிக்கை அனுப்பினாத்தான் அடுத்த தவணை வரும். எழுதி எடுத்தாந்து என் கையெழுத்துக்கு வெச்சுது. இந்தத் தடவை படிச்சேன்.

படிச்சுட்டு ரூமு கதவைச் சாத்தீட்டு உக்காந்துட்டனுங்க.

நல்லதும் எழுதியிருந்துது, இல்லேங்கலை. மொதல்ல போர் வந்தப்ப ரெண்டு போகம் வெளைஞ்சுது, பொண்ணுங்க பள்ளிக்கூடம் போச்சுன்னெல்லாம் இருந்துது. அப்பறந்தான் வந்துது. ஒருத்தன் எறநூறு அடி போனா அடுத்தவன் நானூறு போறது, அவனப் பாத்து இவன் எட்டுநூறு போறது, நகைய வெச்சுப் போட்ட போருல புகைய வாங்கீட்டு நிக்கறது. கடைசியா மொட்டக்கரடு. நம்ம காலேஜு ஆஸ்டலுக்காகப் பாறைல ஆழமா எறக்கின போரெல்லாம் ஓட ஆரம்பிச்சப்பறம், அந்த ஊருக் கெணறும் போரும் ஒண்ணொண்ணா நின்னுச்சுன்னு எழுதியிருந்துது. எந்த ஊட்டுல எந்த மாசம்னு வரைக்கும். நம்மூட்டு போரும் அந்தச் சமயத்துலதான் நின்னுது. அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்ங்க. மழையும் இல்லை அந்த வருசம்.

கொண்டு போயி அய்யாகிட்டக் குடுத்தேன். ஏன் குடுத்தேன்னா? என் பேரும் இருக்குதுங்களே அதுல. நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி அவருக்குத் தெரிஞ்சா?

"இங்கிலீசு எனக்கு வராது. தமிழ்ல சொல்லுங்க"ன்னு கண்ணை மூடிட்டுச் சாஞ்சுட்டாரு. வரி வரியாத் தமிழ்ல சொல்லிட்டு வந்தேன். காரமா இருக்கற எடத்துலயெல்லாம் கொஞ்சம் நீத்துச் சொன்னேன். ரெண்டு பக்கம் தாண்டலை, கண்ணைத் தொறக்காமலே சொல்றாரு, "வாத்தியாரே, எதையோ முழுங்கறீங்க. ரிக்கு சத்தத்தை வெச்சே பாறை எங்க மாறுதுன்னு சொல்றவன் நானு. உள்ளதை அப்புடியே படிங்க."

படிச்சேன். பாவாயி சொன்னதா ஒண்ணு இருந்துதுங்க. 'எங்க கெணத்துல மொதல்ல தவளை சத்தம் நின்னுது. அப்பறம் வாளி சத்தம் நின்னுது. காலேஜு மோட்டர் சத்தம் மட்டும் நிக்கவே இல்லை.'

அய்யா கண்ணைத் தொறந்தாரு. கோவப்பட்டிருந்தாக்கூடத் தேவலைங்க. "நான் தண்ணி குடுத்தவனுங்க"ன்னாரு. "எந்தெந்தச் சீமைலயோ எம்பேரைச் சொல்லிப் பொம்பளைங்க கொடம் நெறைக்கறாங்க. பக்கத்தூர்க்காரி நான் எடுத்துட்டேங்கறாளா?" என் கைல இருந்த அறிக்கைய வாங்கிக் கவுத்தி வெச்சாரு. அப்பறம் அய்யா மாறிட்டாரு. "இது டெல்லிக்குப் போவக்கூடாது. அந்தப் புள்ளையும் போவக்கூடாது. கமிட்டி வர்றப்ப ப்ராஜக்ட் வாங்குன ஆளு கண்ணு முன்னாடி இருக்கோணும்."

"அறிக்கை போவலைன்னா அடுத்த தவணை வராதுங்களே, அய்யா."

"அப்ப நீங்க எழுதுங்க."

இதுதானுங்க நான் மாட்டுனது. அந்தப் புள்ளகிட்டப் போயி, "கொஞ்சம் நல்லவிதமா மாத்திரலாமா?"ன்னு கேட்டேன். "என் அபிப்பிராயமா இருந்தா மாத்தலாம் சார். இது அவங்க சொன்னது. அவங்க மாத்திச் சொல்லட்டும், நானும் மாத்துறேன்"ன்னுது. அந்தப் பக்கம் அய்யா, இந்தப் பக்கம் இது. நடுவுல நானு. ரெண்டு பேருக்கும் நல்லது நெனைக்கறவன் நான் ஒருத்தந்தான், என்னை ரெண்டு பேரும் பாக்கற பார்வை வேற மாதிரி.

அந்தச் சமயம் பாத்து அந்தப் புள்ளைக்கு ஊருக்குப் பக்கத்துலயே வேலை கெடைச்சுருச்சு. சர்க்கார் சம்பளம் வர்ற காலேஜு. கொழந்தையோட இருக்கலாம். ஆனாச் சேர்றதுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டு வேணுமுங்க. எங்க காலேஜுல சேர்றப்பவே பத்தாங்கிளாசுல இருந்து பிஎச்டி வரைக்கும் ஒரிஜினலை வாங்கி ஆபீஸ் பீரோவுல வெச்சுருவாங்க. பத்திரத்துக்குத்தான். என்னுதும் அங்கதான் இருக்குது. ஒருக்கா எனக்குக் கோயமுத்தூர்ல நல்ல எடம் வந்துது, போயிக் கேட்டேன். "எதுக்குங்க வாத்தியாரே? இங்க பத்திரமாத்தானே இருக்குது"ன்னு அய்யா சிரிச்சாரு. சம்பளமும் கொஞ்சம் சேத்துப் போட்டாரு. நான் அத்தோட உட்டுட்டேன். நிம்மதியாத்தான் இருக்கறேன், அதுக்கென்ன.

இது உடாதுங்க. தெனமும் கிளாஸ் முடிச்சுட்டு வந்து ஆபீஸ் வராண்டா பெஞ்சுல உக்காந்துக்கும். யாருகிட்டயும் சண்டை போடாது. அங்கயே விடைத்தாள் திருத்திட்டு இருக்கும். போறவங்க வர்றவங்கெல்லாம் பாத்துட்டுப் போவாங்க. எனக்குப் பொறுக்கலை. நானே ஒரு வழி கண்டுபுடிச்சேன்.

புதுசா ஒரு அறிக்கை எழுதுனேன். அதே ஊரு, அதே ஊடுக. முடிவு மட்டும் வேற. அய்யாகிட்டப் போயி, "இதுல அந்தப் புள்ள கையெழுத்தை வாங்கித் தர்றேன், சர்டிபிகேட்டைக் குடுத்துருங்க. கமிட்டிக்கு மெடிக்கல் லீவுன்னு சொல்லிக்கலாம்"னேன். யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டாரு. எத்தனை பெரிய காரியம் பாருங்க, யாருக்கு வரும் அந்தத் தைரியம்?

அந்தப் புள்ள அத்தனை பக்கத்தையும் நின்னுட்டே படிச்சுது.

"இதுல பாவாயி அக்கா எங்க சார்?"

"பேரெல்லாம் எதுக்கும்மா? மொத்தமா எழுதியிருக்கறேன்."

"மொத்தமாங்கறதுல அவங்க எங்க இருக்காங்க?"

"தில்லைக்கரசி, உனக்குக் கொழந்தை முக்கியமா, இது முக்கியமா?"

பேனாவைக் கேட்டு வாங்குச்சு. கையெழுத்துப் போட்டுச்சு. போட்டுட்டுப் பேனாவை மூடாமலே மேசைல போட்டுருச்சுங்க. சந்தோசத்துல மறந்திருக்கும். சர்டிபிகேட்டை வாங்கி ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டு, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சு. நான் எதிர்பாக்கலை. எதிர்பாத்தா நல்லது செய்ய முடியாதுங்க.

ஆத்தூர் வந்துட்டமா? டீ குடிக்கறீங்களா? சரி, வேண்டாம், நிக்க மாட்டான்.

கமிட்டி வந்துது, நல்ல கிரேடு குடுத்துது. ப்ராஜக்ட் முழுசும் என் பேருக்கு மாறுச்சு. என்னை ஆராய்ச்சித் துறைக்கு டீனா ஆக்கி, ஏசி ரூமு குடுத்தாங்க. மூணு மாசம் நல்லாத்தான் இருந்துது. அப்பறம் ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைல அந்தப் புள்ள அது எழுதுனதை அப்புடியே போட்டுருச்சு. டெல்லிக்காரங்க கண்ணுல பட்டுருச்சு. ஒரே ஊரு, ஒரே ஊடுக, ரெண்டு முடிவு. எது நெசம்னு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு லெட்டர், அந்தப் புள்ளைக்கு ஒரு லெட்டர். பதில் சரியா இல்லீன்னா குடுத்த பணத்தைத் திருப்பி வாங்கீட்டு, காலேஜைத் திட்டத்துல இருந்தே தள்ளி வெச்சுருவாங்களாமா.

அய்யா லெட்டரை என்ர பக்கம் நகத்தி வெச்சாரு. "நீங்கதானே எழுதுனீங்க, வாத்தியாரே?"

"அய்யா சொல்லித்தானுங்களே..."

"நான் இங்கிலீசு தெரியாதவன். எனக்கென்ன தெரியும்?"

அன்னைக்கு ஊட்டுக்கு நடந்தே வந்தேன். நடக்கறப்ப அந்தப் புள்ள சொன்னது ஞாபகம் வந்துது. அவங்க மாத்திச் சொன்னா நானும் மாத்துறேன்னு சொல்லுச்சல்ல? மறுநா காலைல அய்யாகிட்டச் சொன்னேன்: "ஆஸ்டல் போருல இருந்து மொட்டக்கரட்டுக்கு ஒரு பைப்பு போட்டு உட்டா என்னுங்க?" ரோசனை என்னுதுங்க, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. அய்யா எந்திரிச்சே நின்னுட்டாரு. "தண்ணிதானே பிரச்சினை? குடுத்துட்டாப் போச்சு! அட, இதை எனக்கு முன்னமே யாரும் சொல்லலையே." வேசமில்லீங்க, நெசமாலுமே அவருக்கு அத்தனை சந்தோசம். ஒரே வாரத்துல ஊருக்கு நடுவால குழாய். பூசை போட்டுத் தொறந்து, மொதக் கொடத்தை அவரு கையாலயே புடிச்சுக் குடுத்தாரு. காலேஜால எங்களுக்குத் தண்ணிக் கொறை இல்லைன்னு ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாங்க. பாவாயி மட்டும் போடலை. ஊட்டுல இல்லைன்னு சொன்னாங்க.

அதை எடுத்துட்டுத்தான் இன்னைக்குப் போனனுங்க. அந்தப் புள்ள, தான் எழுதுனது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டாப் போதும், எல்லாம் தீந்துரும்.

நல்ல காலேஜு. மரமெல்லாம் இருக்குது. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க சார், சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டு அது டிபன் பாக்ஸ்ல பாதிய எனக்கு வெச்சுது. புளிச்சோறு. சாப்புட்டுட்டே விசயத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டுச்சு.

"எனக்கும் அந்த லெட்டர் வந்துச்சு சார். பதில் எழுதிட்டேன். சர்டிபிகேட்டுக்காகத்தான் ரெண்டாவதுல கையெழுத்துப் போட்டேன், அது என் தப்புன்னு எழுதியிருக்கேன்."

நான் சோத்தை நகத்தி வெச்சுட்டேன். "என்னம்மா இது? உன் வேலைக்கே ஆபத்தாகுமே!"

"ஆகலாம் சார்."

அப்பறம் நான் கொண்டு போன கையெழுத்தையெல்லாம் பாத்துச்சு. "எப்படி சார் பைப்பு வந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். ரோசனை என்னுதுன்னும் சொன்னேன். அது அந்தக் காகிதத்தையெல்லாம் அடுக்கி என் பக்கம் வெச்சுட்டு, "சார், மொட்டக்கரட்டுல எல்லா வீட்டையும் கேட்டேன், ஒரு வீட்டை மட்டும் விட்டுட்டேன். உங்க வீடு. நீங்க எனக்கு மேல இருந்தீங்க, கேக்க பயமா இருந்துச்சு. இப்ப கேக்கட்டுமா?"ன்னுது.

பத்தொம்பது வருசம் ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு திரிஞ்சவனை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லீங்க. கேளும்மான்னேன். பேரு போட மாட்டோம், புடிக்கலைன்னா எங்க வேணும்னாலும் நிறுத்திக்கலாம்னு முறையாச் சொல்லிட்டு ஆரம்பிச்சுது. ஊடு எப்பக் கட்டுனது, கடன் எவ்வளவு, போர் எத்தனை அடி, எப்ப நின்னுது. எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு சொன்னேன்.

"இப்ப வீட்டுக்குத் தண்ணி யார் சார் எடுக்கறாங்க?"

"சம்சாரந்தான்."

"எங்க இருந்து?"

"அந்தக் குழாய்ல இருந்துதான்."

"எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

தெரியலீங்க. காலைல நான் எந்திரிக்கறப்ப பாத்ரூமுல தண்ணி இருக்கும். குளிச்சுட்டுக் காலேஜுக்குப் போயிருவேன். தெரியலைன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துது. "இரும்மா, கேட்டே சொல்லீர்றேன்"னு போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"ஏனுங்க, இதைக் கேக்கறதுக்கா இத்தாந் தொலைவு போனீங்க?"ன்னா குணவதி. தில்லைக்கரசி இருக்குதுன்னதும் குரலே மாறிப் போச்சு. "கண்ணு! நல்லாருக்கறயா? பாப்பா எப்புடி இருக்குது?"

"நல்லா இருக்கோம்க்கா. தண்ணி எப்ப விடறாங்க?"

"விடியக்காலம் நாலு மணிக்கு உடுவான், அஞ்சு மணிக்கு ஆஸ்டல் வார்டன் வந்து நிறுத்திப் போடுவான். நான் கடைசிலதான் போயி நிப்பேன்."

"ஏன்க்கா, யாராவது சொன்னாங்களா?"

"ஆரும் ஒண்ணும் சொல்லுல. சொன்னாத்தான் பரவால்லையே. எங்கூட்டுக்காரரு அறிக்கைய மாத்தி எழுதிக் குடுத்தாருன்னு ஊருக்கே தெரியும். நான் போயி முன்னாடி கொடத்தை வெச்சா நல்லாவா இருக்கும்? எல்லாரும் புடிச்சு மிஞ்சினாப் புடிக்கறது. கொஞ்சமா மிஞ்சற நாளைக்கு இவுருக்குக் குளிக்க மட்டும் எடுத்து வெச்சுட்டு, நான் தொடைச்சுக்குவேன்."

நான் போனையே பாத்துட்டு இருந்தனுங்க.

"பாவாயி அக்கா?"

"அவளைக் கொழாய்ப் பக்கமே உடக்கூடாதுன்னு வார்டன் சொல்லீட்டான். உன்ர ஆளாமா. நான் புடிக்கறதுல ஒரு கொடம் பொழுது உடியறதுக்குள்ள கொண்டு போயி ஊத்தீட்டு வந்துருவேன். இவுருக்குத் தெரியாது." அப்பறந்தான் அவளுக்கு ஒறைச்சுது. "ஏன் கண்ணு, இவுரு கேட்டுட்டா இருக்கறாரு?"

"ஆமாக்கா."

"கேக்கட்டும்."

தில்லைக்கரசி பேனாவைக் கீழ வெச்சுட்டு, "நீங்க சொன்னதை எழுதலாமாக்கா? பேர் போட மாட்டோம்"ன்னுது.

"போட்டுக்க, கண்ணு. குணவதின்னே போட்டுக்க. எனக்கென்ன பயம்? இவுரு பேரை வேண்ணா உட்டுரு."

போனை வெச்சுட்டா.

"சார், இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமா? வேண்டாம்னா உங்க முன்னாடியே கிழிச்சிடறேன்"ன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. ஒரிஜினல் பீரோவுல இருக்குது. கடன் இன்னும் பாதி இருக்குது. இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்? இத்தனையும் மண்டைக்குள்ள ஓடுச்சுங்க. வேண்டாம்மான்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். எடுத்துக்கம்மான்னு வந்துருச்சு. என்னத்துக்குச் சொன்னேன்னு கேக்காதீங்க. பஸ்ஸு ஏறுனதுல இருந்து அதைத்தான் நானும் கேட்டுட்டு இருக்கறேன்.

சேலம் வெளிச்சம் தெரியுது பாருங்க. பையை எடுத்துக்கங்க, காலடில இருக்குது.

அய்யாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு ரோசிச்சுட்டேதான் பெரம்பலூர்ல ஏறுனேன். இப்ப அதில்லீங்க வெசனம். நாளைக்குக் கூப்புடுவாரு, கத்துவாரு, என்னமோ ஆகுது. இன்னும் ரெண்டு மணி நேரத்துல நம்மூட்டுக் கதவைத் தட்டோணும். அவ தொறப்பா. தொறந்துட்டு, கை கால் கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்னு எப்பவும் போலச் சொல்லுவா. பாத்ரூமுல தண்ணி இருக்கும். நான் எப்புடீங்க அதுல கையை உடறது?